கேள்வித்தாளை நிரப்புகிறவர், கோட்பாட்டை எழுதுகிறவர்

எம்.ஏ. முடித்த கையோடு நான் பார்த்த முதல் வேலை, ஒரு கிராம சர்வேயில் வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிப்பது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள், முப்பத்திரண்டு பக்கம். ஒரு நாளைக்கு நான்கு வீடு முடித்தால்தான் கணக்கு. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் கேட்டு, பதிலைத் தமிழில் வாங்கி, 1, 2, 3 என்று எண்ணாக்கிக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். தெரியாது என்று சொன்னால் 99. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'குறிப்பு' என்று ஒரு பத்தி விட்டிருந்தார்கள். எண்ணில் அடங்காததை அதில் எழுதலாம்.

நாங்கள் ஆறு பேர் அந்தப் பத்தியில் எழுதித் தள்ளினோம். 'நிலம் இவர் பெயரில், உழுவது தம்பி.' 'ஊர்த்தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றதால் கூலிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சாயங்காலம் தனியாகப் போய்க் கேட்டது.' எந்தத் தெருவுக்கு முதலில் போகிறோம் என்பதே பதிலை மாற்றிவிடும். காலையில் ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு மதியம் காலனிக்குப் போனால், அங்கே எல்லாக் கேள்விக்கும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பயிற்சி வகுப்பு அல்ல. எங்களில் இரண்டு பேர் அப்படிப்பட்ட காலனிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். முதல் வாரத்திலேயே மற்றவர்களைத் திருப்பி, 'அந்தப் பக்கமாப் போகாதீங்க, இந்தப் பக்கமா வாங்க' என்றவர்கள் அவர்கள்தான்.

அப்புறம் கணினியில் ஏற்றியபோது எண்கள் மட்டும் ஏறின. குறிப்புப் பத்தி ஏறவில்லை. அதற்குக் கட்டம் இல்லையாம். அறிக்கை ஆங்கிலத்தில் வெளிவந்தது. எங்கள் ஆறு பேருக்கும் முன்னுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டு பெயர்களில் எழுத்துப் பிழை.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். இந்தியச் சமூக அறிவியல் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது என்று 2002 டிசம்பரில் ஓர் ஆங்கில வார இதழில் அரசியல் அறிஞர் கோபால் குரு எழுதினார். இந்தியாவின் சமூக அறிவியல்கள் எந்த அளவுக்குச் சமத்துவமானவை என்பதுதான் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த கேள்வி. இதழ், 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'. அவர் சொன்ன பதில் ஒரே சொற்றொடரில் பரவிவிட்டது: இங்கே கோட்பாட்டுப் பிராமணர்கள் இருக்கிறார்கள், புள்ளிவிவரச் சூத்திரர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் தரவு திரட்டுகிறது. இன்னொரு பக்கம் அந்தத் தரவுக்கு அர்த்தம் சொல்கிறது. வருணம் எப்படி வேலையைப் பிரித்ததோ அப்படியே அறிவு வேலையும் பிரிந்து கிடக்கிறது என்றார் தலித் அறிஞரான அவர். தம் பக்கத்து ஆட்களையும் அவர் சும்மா விடவில்லை. கோட்பாடு நமக்கு எதற்கு, கவிதையும் அனுபவமும் போதும் என்று தலித் அறிவாளிகள் ஒதுங்குவது தவறு, கோட்பாடு எழுதுவது ஓர் அறக்கடமை என்று சொன்னார். கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை அதிகம் பேசுவதில்லை. அதே குரு 2018-ல் அந்த இதழுக்கே ஆசிரியரானார்.

சமத்துவம், பன்மைத்துவம், உள்ளடக்கம் (அதாவது எல்லாரையும் உள்ளே சேர்ப்பது) என்று மூன்று சொற்களும் இப்போது பல்கலைக்கழகங்களில் ஒன்றாகவே வருகின்றன. தமிழில் 'உள்ளடக்கம்' என்றால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும் பட்டியல் என்றும் ஒரு பொருள் உண்டு. நிறையத் துறைகள் அதை இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். பட்டியலில் பெயர் வந்துவிட்டதா, சரி, முடிந்தது. என் கவலை வேறு. ஒருவர் சொல்வது கோட்பாடாக எடுத்துக்கொள்ளப்படுகிறதா, இல்லை இன்னொருவரின் கோட்பாட்டுக்குக் கச்சாப் பொருளாகப் போகிறதா? மற்றதெல்லாம் இந்தக் கேள்வியைத் தொட்டுத்தான் வர வேண்டும்.

கள ஆய்வின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகவியலர் எம்.என். சீனிவாஸ் 1948-ல் மைசூர் அருகே 'ராம்புரா' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய கிராமத்தில் போய்த் தங்கினார். தங்கிய இடம் ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, மாடு கட்டும் வீடு. பல ஆண்டுகள் ஒழுங்குபடுத்திய குறிப்புகள் 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதி 1976-ல் புத்தகம் கொண்டுவந்தார். தாம் கண்டது மேல்சாதிப் பார்வையில் தெரிந்த கிராமம்தான் என்பதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். ஆனால் ஊர்த்தலைவர் வீட்டில் தங்குகிறவருக்கு ஊர் எந்தக் கோணத்தில் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டுமா?

நம் தஞ்சாவூரிலும் இதே கதை. சமூகவியலர் ஆந்த்ரே பெத்தெய் 1961-62-ல் 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி எழுதிய ஊருக்கு வந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. அக்ரஹாரத்தில் ஒரு பிராமணர் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. பிராமணர் அல்லாத வெளியாள் ஒருவருக்கு அது கிடைப்பது அன்று அபூர்வம். ஆனால் அங்கே தங்கியதாலேயே ஆதிதிராவிடர் தெருவுக்கு அவரால் இயல்பாகப் போய்வர முடியவில்லை. அவர் அதை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கிவிட்டன என்று 1965-ல் வந்த அவருடைய நூல் சொன்னது. இன்றும் வகுப்பறைகளில் அது பாடம். அந்த வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். சேரியில் தங்கிய ஒருவர் அதே 1961-ல் அதே ஊரைப் பார்த்திருந்தால் அந்த விலகல் எவ்வளவு தூரம் தெரிந்திருக்கும் என்பதுதான் என் சந்தேகம். அப்படித் தங்கி எழுத அன்று ஆள் இருந்ததா? தகுதியுள்ள ஆட்கள் இருந்தார்கள். ஆனால் துறைக்குள் இல்லை.

1916 மே 9. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியலர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். சாதி எப்படி உண்டாகி எப்படி நிலைக்கிறது என்பது பொருள். அவர் சொன்னது இது. சாதி என்பது கதவடைத்துக்கொண்ட வர்க்கம். கதவு அடைபடுவது அகமண முறையால், அதாவது தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிப்பதால். அகமணம் நிலைக்க வேண்டுமென்றால் குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சரிசமமாக இருந்தாக வேண்டும். கணவன் செத்தால் மிஞ்சுகிற பெண்ணை என்ன செய்வது? உடன்கட்டை ஏற்றுவது, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவை. மேலே இருந்தவர்கள் கதவடைத்ததைப் பார்த்துக் கீழே இருந்தவர்களும் அடைத்தார்கள், அதாவது பாவனை. சிலர் கதவை அடைத்தார்கள்; மற்றவர்கள் தங்கள் முன்னால் கதவு அடைபட்டிருப்பதைக் கண்டார்கள்.

கீழ்ச்சாதிகள் மேல்சாதி வழக்கத்தைப் பார்த்துச் செய்து மேலேற முயல்வதைப் பற்றிய 'சமஸ்கிருதமயமாதல்' கருத்தைச் சீனிவாஸ் 1952-ல் கூர்க் பற்றிய நூலில் முன்வைத்தார். அம்பேத்கர் பாவனையைப் பேசி அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாதியின் அடித்தளமே பெண்ணுடல் மீதான கட்டுப்பாடுதான் என்று பெண்ணியர்கள் விரிவாக எழுதத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் கழித்து. அம்பேத்கரின் கட்டுரை 1917 மே மாதமே 'இண்டியன் ஆன்டிக்வரி' இதழில் அச்சாகிவிட்டது, ஒளிந்து கிடக்கவில்லை. ஆனாலும் சமூகவியல் வகுப்பில் அதைப் பார்ப்பது அரிது. மகாராஷ்டிர அரசு 1979-ல் அவர் எழுத்துத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கிய பிறகுதான் அது பலர் கைக்கு எட்டியது. மண்டல் குழு ஒதுக்கீடும் அம்பேத்கர் நூற்றாண்டு விழாவும் வந்த பிறகுதான் பாடத்திட்டம் மெல்ல அசைந்தது. ஒரு துறை ஒருவரை வெளியே வைத்தால் நட்டம் அவருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். இங்கே அறுபது எழுபது ஆண்டு நட்டம் துறைக்கு.

ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-ல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய பொருளியலர் அம்பேத்கர் என்பதும் இன்னும் பலருக்குப் பாதிச் செய்திதான். சாதியைப் பற்றி எழுதியதைச் சமூகவியலர் படிக்கவில்லை, நாணயத்தைப் பற்றி எழுதியதைப் பொருளியலர் படிக்கவில்லை. அவர் அரசியல்வாதியாம்.

தமிழுக்கு வந்தால் அயோத்திதாசர். 1907 ஜூனில் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் தொடங்கினார். அடுத்த ஆண்டே 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் இறக்கும்வரை வாரந்தோறும் சாதியின் தோற்றம், பௌத்தம், பண்டிகைகள், இலக்கியம் என்று எழுதினார். பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். இதை வரலாறாக ஏற்கலாம், மறுக்கலாம், அது தனிப் பேச்சு. ஒரு சமூகம் தன்னை விளக்கிக்கொள்ளக் கட்டிய முழுக் கோட்பாடு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வழியாக ஞான. அலாய்சியஸ் 1999-ல் தொகுத்துக் கொண்டுவந்த பிறகுதான் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்தோம். இப்போது ஆய்வேடுகளில் அவர் பெயர் அடிக்கடி வருகிறது. எங்கே வருகிறது என்று பாருங்கள். 'முதன்மைச் சான்றுகள்' பட்டியலில் வரும். கோட்பாட்டு அத்தியாயத்தில் பாரிஸ்காரர் ஒருவர் இருப்பார். 1910-ல் ராயப்பேட்டையில் தமிழில் எழுதியவர் தரவு. 1970-ல் பிரெஞ்சில் எழுதியவர் சட்டகம். நானும் என் ஆய்வேட்டில் இதே தப்பைச் செய்தவன்தான்.

சரி, ஆட்கள் துறைக்குள் வரட்டும், மற்றது தானாக மாறும் என்று சிலர் சொல்வார்கள். வருவது எப்படி என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் பணியில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5, பிற பிற்பட்டோருக்கு 27. இது எல்லாருக்கும் தெரியும். எதன் 15 சதவீதம் என்பதில்தான் சூட்சுமம். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்தால் 200 புள்ளி ரோஸ்டர், அதாவது எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசைப் பட்டியல்: இருநூறு பணியிடத்தில் 30 பட்டியல் சாதி, 15 பழங்குடி, 54 பிற்பட்டோர், அதாவது 99. பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடு வருவதற்கு முந்தைய கணக்கு இது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக விளம்பரம் தொடர்பான வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில், ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதையே உத்தரவாக்கியது. வந்தது 13 புள்ளி ரோஸ்டர்.

இதைக் கொஞ்சம் கையால் போட்டுப் பார்ப்போம். ஓர் இடத்துக்கு 0.27 பிற்பட்டோர் என்றால், எத்தனை இடம் சேர்ந்தால் முழுசாக ஒன்று வரும்? நான்கு. 0.15 என்றால் ஏழு. 0.075 என்றால் பதினான்கு. ஆக 4-வது இடம் பிற்பட்டோருக்கு, 7-வது பட்டியல் சாதிக்கு, 14-வது பழங்குடிக்கு. ஒரு சமூகவியல் துறையில் பேராசிரியர் பணியிடம் எத்தனை இருக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் பொது. ஒருவர் ஓய்வு பெறும்போது அடுத்த புள்ளிக்கு நகரும்: மூன்று, நான்கு, ஐந்து. ஏழாவது புள்ளி வர ஐந்து பேர் ஓய்வு பெற வேண்டும். பதினான்காவது வரப் பன்னிரண்டு பேர். அந்தத் துறைக்கு ஒரு பழங்குடிப் பேராசிரியர் வருவதற்குள் இப்போது எம்.ஏ. படிக்கும் பிள்ளையின் பேரன் ஓய்வு பெற்றுவிடுவான். யாரும் யாரையும் 'வராதே' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வகுத்தல் கணக்கு மட்டும் போட்டார்கள்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இதை எதிர்த்து மார்ச் 5 அன்று பாரத் பந்த் நடந்தது. இரண்டு நாளில் அவசரச் சட்டம். பின்னர் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் சட்டம். மறுபடி பல்கலைக்கழகம்தான் அலகு. தெருவில் இறங்காமல் இது திரும்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சட்டம் இருந்தும் இடம் நிரம்பாமல் போக இன்னொரு வழி உண்டு. நேர்காணல் முடிந்து தாளில் மூன்று சொல் எழுதுவார்கள்: 'தகுந்தவர் எவரும் கிடைக்கவில்லை'. இடம் காலியாகவே கிடக்கும், அப்புறம் ஒப்பந்த ஆசிரியர் வருவார். தகுந்தவர் என்றால் யார், அதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டால் காரணம் எழுதப்பட்டிருக்காது.

நேர்காணல் என்றதும் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அங்கே ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 70, வாய்மொழித் தேர்வுக்கு 30 என்று இருந்தது. எழுத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கிற ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் வாய்மொழியில் தொடர்ந்து சறுக்குகிறார்கள் என்று மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். பல்கலைக்கழகமே அமைத்த அப்துல் நஃபே குழு சேர்க்கைத் தரவுகளை அலசி, 2016-ல் அதே முடிவுக்கு வந்து, வாய்மொழி மதிப்பெண்ணை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது நேர்மாறு. அந்த ஆண்டு வந்த யுஜிசி விதிப்படி எழுத்துத் தேர்வு வெறும் வாசற்படியாகி, தேர்வு முழுக்க வாய்மொழியின் கையில் போனது. சேலத்திலிருந்து பலமுறை நுழைவுத் தேர்வு எழுதி அங்கே வரலாற்றில் எம்.ஃபில். சேர்ந்த முத்துக்கிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, வாய்மொழித் தேர்வில் சமத்துவம் இல்லை என்று தம் கடைசி முகநூல் பதிவில் எழுதினார். 2017 மார்ச் 13 அன்று அவர் இறந்தார். யுஜிசி 70-30-க்குத் திரும்பியது 2018-ல்.

வாய்மொழித் தேர்வு அறைக்குள் நடப்பது என்ன? ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். முதல் கேள்வி பெரும்பாலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்'. ஊர் கேட்பார்கள். கல்லூரி கேட்பார்கள். தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பேச்சைத் தொடங்கத்தான். இரண்டு நிமிடத்தில் அறையில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் வரும் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறுவது 'தெளிவு போதாது' என்று பதிவாகும். இன்னொருவர் சரளமாகச் சுற்றி வளைப்பது 'நல்ல புரிதல்' என்று பதிவாகும். வரலாற்றறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் இதைத்தான் வேறு இடத்தில் வைத்துச் சொன்னார்: மேல்சாதியினர் சாதியைச் சாதி என்ற பெயரில் பேசுவதில்லை, வேறு சொற்களில் பேசுவார்கள். தரம், தகுதி, நாகரிகம், தெளிவு.

மொழிச் சங்கதியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆசிரியராக, யுஜிசிக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் தேர்வு ஒரு முக்கிய வாசல். மொழிப்பாடங்களை விட்டால் அதன் கேள்வித்தாள் இரண்டே மொழிகளில்: ஆங்கிலம், இந்தி. ஆகப் பீகார்ப் பிள்ளை சமூகவியலைத் தன் மொழியில் எழுதலாம். திருவண்ணாமலைப் பிள்ளை எழுத முடியாது. பன்மைத்துவம் பற்றிய தாள் என்றாலும் கேட்பது இந்த இரண்டு மொழியில்தான். இங்கே நம் பக்கத்துக் குற்றமும் உண்டு. தமிழ்வழி எம்.ஏ. மாணவருக்குச் சமூகவியலில் உருப்படியான பாடப்புத்தகம் எத்தனை இருக்கிறது? பெரும்பாலானவை 1970-களின் கலைச்சொற்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் தேர்வு நோட்டுகள். மேடையில் தமிழ் வளர்ச்சி பேசுகிற பேராசிரியர்கள், நான் உட்பட, நல்ல கட்டுரையை ஆங்கிலத்துக்குத்தான் வைத்திருப்போம். பதவி உயர்வுப் புள்ளி அங்கேதான்.

உள்ளே வந்துவிட்டவருக்கு அடுத்தது தலைப்பு. 'நீங்க உங்க மக்களைப் பத்தியே பண்ணலாமே, ஈஸியா இருக்கும்' என்று வழிகாட்டி அன்பாகச் சொல்வார். தலித் மாணவருக்குத் தலித் தலைப்பு, பெண்ணுக்குப் பெண்ணியத் தலைப்பு, மீனவ வீட்டுப் பிள்ளைக்குக் கடற்கரைத் தலைப்பு. நிதிக் கொள்கை, தேர்தல் முறை, ஹெகல் எல்லாம் பொதுத் தலைப்புகள், அதற்கு வேறு ஆட்கள். இதில் ஒரு சிக்கலான விவாதம் இருக்கிறது. குருவின் கட்டுரைக்கு மெய்யியலர் சுந்தர் சாருக்கை 2007-ல் பதில் எழுதினார். அனுபவம் யாருடையதோ அவர்தான் அதற்குக் கோட்பாடு எழுத வேண்டுமா, அனுபவத்தின் சொந்தக்காரரும் அதை எழுதுகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டுமா என்பது அந்த விவாதத்தின் மையம். பிறகு இருவரும் சேர்ந்தே அதை ஒரு நூலாக்கினார்கள். நான் நினைப்பது இது: அனுபவம் இல்லாதவர் எழுதக்கூடாது என்று பூட்டுப் போட்டால், அனுபவம் உள்ளவர் வேறு எதையும் எழுதக்கூடாது என்ற பூட்டு தானாக விழுந்துவிடும். அம்பேத்கரை ரூபாயிடமிருந்து பிரித்தது இந்த இரண்டாவது பூட்டுதான்.

விசித்திரம் என்னவென்றால், வெளிநாடு போக அரசு பணம் கேட்டால் பூட்டு திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் வேறு சில பிரிவினருக்குமான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55-லிருந்து இருக்கும் திட்டம். 2022-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் திருத்திய விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று சேர்த்தார்கள். இதற்கெல்லாம் இந்தியாவிலேயே வல்லுநர்கள் இருக்கிறார்களாம். அம்பேத்கர் 1913-ல் நியூயார்க் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில். அங்கே போய் அவர் வாசித்தது இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரை. 2022 விதிப்படி அந்த விண்ணப்பம் முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும்.

பெண்கள் விஷயத்தில் சமூக அறிவியல் கொஞ்சம் முன்னே போனது. 1974-ல் வந்த பெண்கள் நிலை பற்றிய குழுவின் அறிக்கை, சுதந்திர இந்தியாவில் பெண்களின் நிலை முன்னேறிவிட்டது என்ற நம்பிக்கையை உடைத்துப்போட்டது. குழுவின் செயலர் வீணா மஜும்தார். அதிலிருந்துதான் மகளிரியல் ஒரு துறையாக வளர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, இந்தப் 'பெண்' எந்தச் சாதிப் பெண் என்று கேள்வி எழுந்தது. தலித் பெண்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள் என்று 1995-ல் குரு எழுத, புனேயில் சமூகவியல் கற்பித்த ஷர்மிளா ரேகே 1998-ல் அதை எடுத்து விவாதித்து, தலித் பெண்களின் தன்வரலாறுகளை வகுப்பறைக்கே கொண்டுபோனார், அதுவும் துணைப்பாடமாக அல்ல. எனக்குப் பிடித்த முன்மாதிரி அவர்தான். ரேகே தலித் அல்லர். ஆனால் அந்த எழுத்தைச் 'சான்று' என்று ஓரத்தில் வைக்காமல், சாதியையும் பாலினத்தையும் பற்றிய விளக்கமாகவே படித்தார்.

பல்கலைக்கழகங்கள் செய்தது வேறு. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் யுஜிசி பல இடங்களில் சமூக ஒதுக்கல் ஆய்வு மையங்களை நடத்தியது, புதுச்சேரியிலும் ஒன்று. நல்ல ஆய்வுகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்தின் மூலையில் ஓர் அறை, ஒப்பந்தப் பணி, திட்டம் நீளுமா நீளாதா என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. எதிரில் இருக்கும் பெரிய துறை தன் பாடத்திட்டத்தில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. 'அதற்குத்தான் மையம் இருக்கிறதே' என்றது. 2012-ல் வந்த விதிப்படி சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். இருக்கிறார்கள். யார் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் இல்லாமலே செய்யக்கூடியவை உண்டு. எழுத்து மதிப்பெண்ணையும் வாய்மொழி மதிப்பெண்ணையும் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். 'தகுந்தவர் இல்லை' என்று எழுதினால் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லலாம். களத்தில் ஆறு மாதம் அலைந்தவருக்கு நன்றியுரைக்குப் பதில் ஆசிரியர் பட்டியலில் இடம் கொடுக்கலாம். எடுத்த தரவை எடுத்த ஊரின் மொழியில் அந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகலாம். ஓரத்தில் எழுதியதைக் கணினியில் ஏற்றலாம்.

அந்த சர்வேயின் கேள்வித்தாள் ஒன்று, பிழையாகப் போய் மறுபடி எழுதியதால் ஒதுக்கப்பட்டது, என்னிடம் இருக்கிறது. காலனியில் தனியாக இருந்த ஒரு பாட்டியின் வீடு. பதினேழாம் பக்கத்தில் 'கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் வேலை' என்ற கேள்விக்கு நேரே 99 போட்டிருக்கிறேன். பக்கத்தில் குறிப்புப் பத்தியில் பென்சிலில் என் கையெழுத்து: 'பதில் சொல்லவில்லை. இதுக்கு முன்ன வந்தவங்களும் இதேதான் கேட்டாங்க சாமி, அவங்க எழுதுனத எடுத்தாந்து படிச்சுக் காட்டு, அப்புறம் சொல்றேன் என்கிறார்.'